ஒரு ஆத்துமா 75 ரூபாய்?

மார்ச் முடிந்து ஏப்ரலும் பாதி போய்விட்டது. மார்ச் மாதத்தில் பேங்க்காரன் உட்கார்ந்து எதையாவது எழுதினான் என்றால் அவன் வேலை பார்க்கவில்லை என்று அர்த்தம். அதனால்தான் இரண்டு மாதமாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இன்றைக்கு எழுதப்போவது பேங்க் விஷயம் இல்லை. இல்லை, பேங்க் விஷயம்தானோ என்னவோ... படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நாக்பூரில் நாங்கள் ஒரு நாற்பது தமிழ்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடி ஆராதிக்கிறோம். கட்டடம் வேறொரு சபையுடையது. காலையில் அவர்கள் இந்தியிலும் மராத்தியிலும் முடித்துவிட்டுப் போன பிறகு எங்கள் முறை. ரயில்வே, ஆர்டினன்ஸ் ஃபேக்டரி, நிலக்கரிக் கம்பெனி, பேங்க் என்று பிழைக்க வந்த ஜனங்கள். பாதிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடி, மீதி கன்னியாகுமரி. நான் சபைப் பொருளாளர். பி.காம். படித்ததற்குக் கிடைத்த தண்டனை.

பிப்ரவரியில் ஒரு ஊழியர் வந்தார். பெயர் வேண்டாம், அவருடைய ஸ்தாபனத்தின் பெயரும் வேண்டாம். பதினைந்து நாள் ஆப்பிரிக்கா போய்வந்ததைப் படம் போட்டுக் காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகப் பேசினார். கடைசிப் படத்தில் பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: 11 கிராமங்கள், 2,340 ஆத்துமாக்கள். அதற்குக் கீழே, ஒரு ஆத்துமாவுக்கு ஆகும் செலவு 75 ரூபாய்.

எங்கள் மிஷனரி நிதியில் அன்றைக்கு இருந்தது ஒரு லட்சத்து எண்பதாயிரம். மாதாமாதம் கவரில் வந்து சேர்ந்த காசு. அதை மொத்தமாக அடுத்த பயணத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று கமிட்டியில் நான்கு பேர் அங்கேயே கை தூக்கிவிட்டார்கள்.

எனக்குக் கை அரித்தது. பேனாவை எடுத்துவிட்டேன். 2,340-ஐ 11-ஆல் வகுத்தால் ஒரு கிராமத்துக்கு 213 பேர். கிராமத்துக்கு ஒரு சாயங்காலம், இரண்டு மணி நேரக் கூட்டம் என்று அவரே சொன்னார். 7,200 விநாடி. ஆக ஒரு ஆளுக்கு 34 விநாடி. அதிலும் மொழிபெயர்ப்பாளருக்குப் பாதி போய்விடும். மிச்சம் 17 விநாடி. என் கவுண்டரில் ஒரு சலானை வாங்கி முத்திரை குத்தவே அதைவிட அதிக நேரம் ஆகும்!

கேள்வி நேரம் வந்ததும் எழுந்து கேட்டேன். "பிரதர், இது எந்த நாடு? அந்த ஜனங்க என்ன பாஷை பேசறாங்க? நீங்க கிளம்பி வந்த பிறகு அந்த 213 பேருக்கு யாரு சொல்லிக்கொடுக்கிறா?"

அவர் சிரித்தார். "பிரதர் பேங்க்ல இருக்கார், அதான் கணக்கு கேட்கிறார். பரலோகத்துக் கணக்கு வேற, பிரதர்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசடு வழிய உட்கார்ந்துவிட்டேன். வரும் வழியில் ஸ்கூட்டரில் பின்னாலிருந்து வீட்டம்மா, "நாலு பேர் முன்னால உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றாள்.

சும்மா இருக்க முடியவில்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. அரை மணி நேரப் படக்காட்சியில் ஒரு நாட்டின் பெயர் வரவில்லை. "ஆப்பிரிக்கா, ஆப்பிரிக்கா" என்றுதான் வந்தது. அங்கே 50-க்கும் மேற்பட்ட நாடுகள், சுமார் 2,000 மொழிகள். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் நம்மை 'மதராஸி' என்றால் நமக்கு எப்படி வருகிறது கோபம்? தமிழன் வேறு, மலையாளி வேறு, தெலுங்கன் வேறு என்று வகுப்பெடுக்கிறோம். அதே நாம் ஒரு கண்டத்தையே ஒரு குடிசையும் மூக்கு ஒழுகும் ஒரு குழந்தையுமாகப் படம் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டுகிறோம். அந்தக் குழந்தையின் அப்பனிடம் கேட்டா அந்தப் படத்தை எடுத்தார்கள்?

இரண்டாவது, எண்ணிக்கை. இதில் நான் யோக்கியன் மாதிரிப் பேசப்போவதில்லை. 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் தொடங்கியபோது நான் ஒரு கிளையில் இருந்தேன். ஊர் ஊராக முகாம் போட்டோம். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் கணக்குத் திறந்தோம், கைதட்டல் வாங்கினோம். கொஞ்ச நாள் கழித்து மேலிடத்திலிருந்து, ஏன் இத்தனை கணக்கில் பைசா இல்லை என்று கேள்வி வந்தது. உடனே என்ன நடந்தது? ஒவ்வொரு கணக்கிலும் ஒரு ரூபாய் விழுந்தது. போட்டது கணக்குக்குச் சொந்தக்காரன் இல்லை. பட்டியலில் 'ஜீரோ பேலன்ஸ்' குறைந்தது. அந்த ரூபாயை நான் போடவில்லை. ஆனால் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் சொல்கிறேன். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும். கணக்குத் திறப்பது ஒரு நாள் வேலை. அந்த ஆள் அடுத்த மாதம் தானாக வந்து நூறு ரூபாய் போடுகிறானா என்பதுதான் பேங்க் வேலை. ஞானஸ்நானம் கணக்குத் திறப்பது. சீஷத்துவம் அந்தக் கணக்கு ஓடுவது. ஆண்டவர் போகும்போது சீஷராக்கச் சொல்லிவிட்டுப் போனார், தலையை எண்ணச் சொல்லவில்லை. தலையை எண்ணிய தாவீது ராஜாவுக்கு என்ன நேர்ந்தது என்று ஞாயிறு பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும்.

இனி ஆப்பிரிக்காவுக்கே போவோம். பெயரோடும் ஊரோடும் தேதியோடும் போவோம்.

டேவிட் லிவிங்ஸ்டனைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். நம் நாகர்கோவில் பக்கம் வேலை செய்த அதே லண்டன் மிஷனரி சங்கம்தான் 1840-ல் அவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. இத்தனை பெரிய மிஷனரி, அவர் கையால் மனம் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று தேடினால் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்கிறார்கள். செச்செலே. இன்றைய போட்ஸ்வானாவில் இருக்கும் பக்வேனா ஜனங்களின் தலைவர்.

செச்செலே எழுத்துக்களைக் கற்றுக்கொண்ட வேகம் லிவிங்ஸ்டனையே அசத்தியது. வேதத்தை எடுத்தால் கீழே வைக்க மாட்டார், ஏசாயா என்றால் உயிர். ஒருநாள் லிவிங்ஸ்டனிடம் அவர் கேட்டதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். இப்படி வாயால் பேசிக்கொண்டே இருந்தால் என் ஜனங்கள் விசுவாசிப்பார்கள் என்று நினைக்கிறீரா? அடிக்காமல் இவர்களிடம் நான் எந்த வேலையும் வாங்கியதில்லை. சரி என்று சொல்லும், காண்டாமிருகத் தோல் சாட்டையை எடுத்து எல்லோரையும் விசுவாசிகளாக்கிவிடுகிறேன் என்றாராம்! ஒரே வாரத்தில் டார்கெட் முடிந்திருக்கும். லிவிங்ஸ்டன் மறுத்துவிட்டார். அவருக்கு நூறு கும்பிடு.

செச்செலேவுக்கு ஐந்து மனைவிகள். ஞானஸ்நானம் வேண்டுமென்றால் ஒருத்திதான் இருக்கலாம். நான்கு பேருக்கும் புதுத் துணி கொடுத்து, அவர்கள் குடிசைகளில் இருந்த தன் பொருட்களையும் கொடுத்து, உங்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று சொல்லித் தாய்வீட்டுக்கு அனுப்பினார். 1848-ல் ஞானஸ்நானம் பெற்றார். அது கடும் வறட்சிக் காலம். செச்செலே மழை வரவழைக்கும் தலைவர் என்று பெயர் வாங்கியவர். நீ அந்த வேலையை விட்டதால்தான் மழை இல்லை என்று ஊரே திரும்பியது. அனுப்பப்பட்ட பெண்களின் சொந்தக்காரர்கள் சபைக்கே விரோதியானார்கள். சில மாதம்தான், அனுப்பிய மனைவியரில் ஒருத்தி செச்செலேயால் கர்ப்பமானாள். லிவிங்ஸ்டன் அவரை நற்கருணையிலிருந்து நிறுத்தினார். மனம் உடைந்து வடக்கே புதிய இடங்களைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்.

எங்கள் பாஷையில் சொன்னால் ஒரே ஒரு கணக்கு, அதுவும் வாராக்கடன். தள்ளுபடி!

அப்புறம் என்ன ஆயிற்று? 1852-ல் போயர்கள் செச்செலேயின் ஊரைத் தாக்கிப் பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். விக்டோரியா ராணியிடமே முறையிடுகிறேன் என்று புறப்பட்டவர் கேப் டவுன் வரை போனார். கையில் காசு தீர்ந்து திரும்பினார். திரும்பி வந்து, மிஷனரி யாரும் பக்கத்தில் இல்லாத நிலையில், தானே ஆராதனை நடத்தினார், தானே பிரசங்கித்தார், எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் அடைக்கலம் தேடி வந்த ஜனங்களும் சேர்ந்து பக்வேனா பெருகினார்கள். 1892-ல் சாகும்வரை வேதத்தை அவர் விடவில்லை. மழைச் சடங்கையும் முழுதாக விடவில்லை, அதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் தென் ஆப்பிரிக்கப் பகுதியில் கிறிஸ்தவம் பரவியதற்கு லிவிங்ஸ்டனைவிட அவர் தள்ளிவிட்ட இந்த ஒற்றை ஆள் அதிகம் செய்தார் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஓராண்டு ரிப்போர்ட்டில் இந்த மனிதன் பூஜ்யம். நாற்பது வருஷம் பொறுத்துப் பார்த்தால் இவன்தான் முதல். பதினைந்து நாள் ரிப்போர்ட்டில் இப்படி ஒரு ஆளுக்கு எங்கே இடம்? அதைவிட முக்கியம், தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த நான்கு பெண்கள்! அவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? ஒரு கிராமத்தில் போய் ஒருவனை மாற்றினால் அவன் வீட்டில் என்னென்ன இடியும் என்று பார்க்க, அந்த ஊரில் யாராவது தங்கி இருக்க வேண்டாமா?

"அப்போ சீக்கிரமா நடக்கிற ஊழியமே தப்பா?" என்று ஒரு நண்பர் போனில் மடக்கினார். நல்ல கேள்வி. பதில் இருக்கிறது.

வில்லியம் வாதே ஹாரிஸ். லைபீரியாக்காரர். வெள்ளை அங்கி, கையில் சிலுவைத் தடி, ஒரு வேதாகமம், ஒரு சுரைக்குடுவை. 1913-லும் 1914-லும் ஐவரி கோஸ்ட் கரையோரமாக நடந்தே போய் கோல்ட் கோஸ்ட் வரை, அதாவது இன்றைய கானா வரை பிரசங்கித்தார். ஒரு லட்சம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்தார் என்பது பொதுவான கணிப்பு. இந்த எண்ணிக்கைக்கு முன்னால் எங்கள் 2,340 எல்லாம் எந்த மூலைக்கு? பிரெஞ்சு அரசாங்கம் பயந்துபோய் அவரைப் பிடித்து லைபீரியாவுக்கே துரத்திவிட்டது.

ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். கிராமத்துக்குக் கிராமம் அந்த ஊர்க்காரர்களிலேயே பன்னிரண்டு பேரைப் பொறுப்பாக வைத்தார். ஜெப வீடு கட்டிக்கொள்ளுங்கள், வேதத்தைச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் வருவார்கள் என்றார். அந்த ஜனங்கள் காத்திருந்தார்கள், பத்து வருஷம்! 1924-ல் மெதடிஸ்ட் மிஷனரிகள் போய்ப் பார்த்தபோது, படிக்கத் தெரியாதவர்கள்கூட வேதத்தை வைத்துக்கொண்டு கூடிவந்திருந்தார்கள். ஹாரிஸ் வேகமாகப் போனார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரை ஊர்க்காரன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வந்ததும் பக்கத்து நாட்டிலிருந்து, கால்நடையாக. ரிட்டர்ன் டிக்கெட்டோடு இல்லை.

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். ஆப்பிரிக்கக் கிராமங்களில் சீஷத்துவ வேலையைப் பெரும்பாலும் செய்தது ஆப்பிரிக்கர்களே. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், உபதேசியார்கள்.

அப்போலோ கிவெபுலாயா என்று உகாண்டாவில் ஒருவர். 1890-களில் ருவென்சோரி மலைக்கு அந்தப் பக்கம், இன்றைய காங்கோவில் இருக்கும் ம்போகாவுக்குப் போனார். அடித்தார்கள், சிறையில் போட்டார்கள். திரும்பவும் அங்கேயே போனார். காட்டுக்குள் இருந்த குள்ளர் இன ஜனங்களிடமும் போனார். 1933-ல் அங்கேயே இறந்தார். தன்னைப் புதைக்கும்போது வழக்கப்படி கிழக்கே தலை வைக்காமல் மேற்கே, சுவிசேஷம் இன்னும் போகாத காட்டைப் பார்த்துத் தலை வைக்கச் சொன்னாராம். இந்தப் பெயரை எங்கள் கன்வென்ஷன் பந்தல்களில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? லிவிங்ஸ்டன் பெயர் மட்டும் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

இந்த உண்மையை அந்தக் காலத்திலேயே ஒரு மனிதர் கண்டுகொண்டார். சி.எம்.எஸ். செயலாளராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென். உள்ளூர் சபை தன் செலவைத் தானே பார்க்க வேண்டும், தன்னைத் தானே நடத்த வேண்டும், தானே பரப்ப வேண்டும். அது நடந்ததும் மிஷன் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார். அவர் மேஜையில் இரண்டு ஊர்க் கடிதங்களும் இருந்தன, நம் திருநெல்வேலியும் மேற்கு ஆப்பிரிக்காவும். அந்த யோசனையின் பலன்தான் சாமுவேல் அஜயி க்ரௌதர். சிறுவனாக அடிமை வியாபாரிகளிடம் விற்கப்பட்டு, 1822-ல் கப்பலிலிருந்து மீட்கப்பட்டவர். யொருபா மொழியில் வேதாகமத்தைக் கொண்டுவருவதில் முன்னின்றவர். 1864-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப்.

பிறகு வென் இறந்தார். வேறு காற்று அடித்தது. இங்கிலாந்திலிருந்து இளவட்டங்கள் சிலர் நைஜர் மிஷனுக்கு வந்து, ஆப்பிரிக்க ஊழியர்களை விசாரித்து, வரிசையாக நீக்கினார்கள். எண்பது வயது க்ரௌதர் 1890-ல் ராஜினாமா செய்தார். 1891 டிசம்பர் 31-ல் இறந்தார். அவர் இடத்துக்கு வெள்ளைக்கார பிஷப் வந்தார். நைஜர் டெல்டா சபைகள் 1892-ல் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று தனியாக நின்றன. தாத்தா வயதுக்காரரை ஓரம் கட்டிய அந்த இளவட்டங்களைப் படிக்கும்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அப்புறம் நினைத்துப் பார்த்தால், எங்கள் படக்காட்சியில் ஒரு உள்ளூர்ப் போதகரின் முகம்கூடக் காட்டப்படவில்லை. மைக் பிடித்தவர் நம் ஆள். பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவர் யார்? கூட்டம் முடிந்து நம் ஆள் ஜீப் ஏறிய பிறகு, மறுநாள் காலை அந்த ஜனங்கள் வந்து நின்றது யார் வீட்டு வாசலில்?

1900-ல் ஆப்பிரிக்காக் கண்டம் முழுக்கக் கிறிஸ்தவர்கள் சுமார் ஒரு கோடி. இன்று 60 கோடிக்கு மேல். உலகிலேயே அதிகக் கிறிஸ்தவர்கள் வாழும் கண்டம் அதுதான். அப்படிப்பட்ட இடத்துக்கு, இருட்டில் விளக்கேற்றப் போகிறேன் என்று நாக்பூரிலிருந்து காசு கேட்டால், அண்ணாச்சி, அங்கே ஏற்கெனவே எரிகிற விளக்கை எண்ணிவிட்டு வந்தீர்களா என்று கேட்பது பாவமா?

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி கட்டுங்கள் என்று சிலர் சொல்வார்கள். கட்டட்டும், நல்லதுதான். ஆனால் அதுவும் சீஷத்துவத்துக்கு மாற்று இல்லை. வின்சென்ட் டோனவன் என்ற கத்தோலிக்கக் குருவானவர் தான்சானியாவில் மாசாய் மக்கள் நடுவே லொலியாண்டோ மிஷனில் இருந்தார். பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் நன்றாக நடந்தன. விசுவாசத்தைப் பற்றி மாசாய் ஜனங்களோடு பேச்சே இல்லை என்று 1966-ல் தன் பிஷப்புக்கு எழுதிவிட்டு, ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். ஒரு வருஷம் போதித்த பிறகு ஒரு ஊரில், இன்னாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம், இன்னார் சரியாக வரவில்லை, இன்னாருக்குப் புரியவில்லை என்று பிரிக்கப் பார்த்தார். ஊர்ப் பெரியவர் தடுத்துவிட்டார். புரியாதவனுக்குப் புரிந்தவன் சொல்லித்தருவான், எங்களைப் பிரிக்காதீர் என்பது அவர் வாதம். குருவானவர் கேட்டுக்கொண்டார். தலைக்கு 75 ரூபாய் போடுகிறவர்களுக்கு இந்தப் பெரியவர் பாடம் எடுக்க வேண்டும்.

எங்கள் ஊழியர் மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவர் போனது உண்மை, அங்கே மலேரியாவில் படுத்தது உண்மை. அந்த உடம்பு என்னிடம் இல்லை, அந்தத் தைரியமும் இல்லை. ஆனால் நல்ல மனிதர் கொடுக்கிற தப்பான கணக்கும் தப்பான கணக்குதான். 1903-ல் பாளையங்கோட்டையில் நம் பெரியவர்கள் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தபோது, டோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். போனவர்கள் தெலுங்கு கற்றுக்கொண்டார்கள், அங்கேயே இருந்தார்கள். அந்த வம்சத்தில் வந்த நாம் பதினைந்து நாள் டூருக்கு உண்டியல் குலுக்குகிறோம்.

கமிட்டிக்கு ஐந்து கேள்விகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆப்பிரிக்காவுக்கு என்று யார் காணிக்கை கேட்டு வந்தாலும் உங்கள் சபையிலும் கேளுங்கள்.

1. எந்த நாடு, எந்தக் கிராமம், என்ன மொழி?
2. அங்கே ஏற்கெனவே சபை உண்டா? அவர்கள் உங்களைக் கூப்பிட்டார்களா?
3. நீங்கள் திரும்பிய பிறகு போதிப்பது யார்? அவர் சாப்பாட்டுக்கு வழி என்ன?
4. மூன்று வருஷம் முன்பு போன ஊரில் இன்று என்ன நிலைமை?
5. அந்த ஊர்க்காரர் ஒருவரோடு எங்களைப் பேச வைப்பீர்களா?

பதில் வந்தால், முழுப் பணத்தையும் அந்த ஊர் உபதேசியார் ஒருவருக்கு மூன்று வருஷத்துக்கு மாதாமாதம் போகிற மாதிரி கொடுக்கலாம் என்பது என் யோசனை. பதில் வரும்வரை வவுச்சரில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று போன வாரம் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. புதுப் பொருளாளரைத் தேடுகிறார்கள் என்றும் கேள்வி.

எங்கள் சபையில் ஒரு அக்கா. கணவர் ரயில்வேயில் இருந்து காலமானவர். முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்று மாதாமாதம் இருநூறு ரூபாய் மிஷனரிக் கவரில் போடுகிறவர். கமிட்டி முடிந்து வெளியே வந்தபோது வாசலில் நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "தம்பி, அந்த ரெண்டாயிரம் பேர்ல ஒரு பேர் கேட்டுச் சொல்லுங்களேன். பேர் சொல்லி ஜெபம் பண்ணலாம்னு பாக்கேன்" என்றார்.

ஊழியருக்கு அன்று இரவே போன் செய்து கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார். இன்றோடு பதினொரு நாள்.

பி.கு.: திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம். ஐந்து கேள்வியில் எது தப்பு என்று மட்டும் சேர்த்து எழுதிவிடுங்கள்.